குளோபுலஸ் இல்லை

நான் வேலை பார்த்த கல்லூரியின் வாசலில் நிற்கும் மரம் குளோபுலஸ் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இதைச் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் டீ சாப்பிடலாமா என்று பேச்சை மாற்றிவிடுகிறார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பாதையில், இலஞ்சிக்குத் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது அந்தக் கல்லூரி. வாசலை ஒட்டி பஸ் நிற்கும் இடம். அதற்கு நேர் எதிரே, மதிலுக்கு உள்ளே, பட்டை உரிந்து உரிந்து வழுவழுவென்று வெளுத்த மரம் ஒன்று நெட்டுக்குத்தாக நிற்கும். எல்லோருக்கும் அது தைல மரம். இலையைக் கசக்கி மூக்கில் வைத்தால் மூக்கடைப்பு திறந்துவிடும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு அதற்கு மேல் அந்த மரத்தைப் பற்றித் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. எனக்கு இருந்தது. நான் அங்கே தாவரவியல் சொல்லிக்கொடுத்தேன்.

சொல்லிக்கொடுத்தேன் என்றால் நிரந்தர வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கௌரவ விரிவுரையாளர் என்று அரசாங்கத் தமிழில் சொல்வார்கள். கௌரவம் அந்தப் பெயரோடு சரி. வருடா வருடம் கல்லூரி திறக்கும்போது துறைத்தலைவர் "வரச் சொல்லுங்க" என்று சொன்னால் வேலை உண்டு. சொல்லாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். ஆசிரியர் அறையிலிருந்து வாட்ச்மேன் வரை எனக்கு ஒரே பெயர், "கெஸ்ட் மேடம்". எனக்கு உம்மா வாப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது என்பதே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்த வருடம் சீசனில் கல்லூரியைப் பார்வையிட வெளியூரிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. ஏன் சீசனில் என்று கேட்காதீர்கள். சித்திரை வெயிலில் தென்காசிக்கு எந்தக் குழுவும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அருவியில் தண்ணீர் விழும்போதுதான் எங்கள் ஊரின் கல்வித் தரத்தை அளக்க எல்லோருக்கும் நேரம் கிடைக்கிறது.

குழு வருகிறது என்றதும் வெள்ளையடிப்பு, கழிப்பறைக்குப் புதுக் கதவு, தோட்டத்துக்குச் செம்மண். எங்கள் துறைக்கு வந்த வேலை, வளாகத்தில் இருக்கிற மரங்களுக்கெல்லாம் பெயர்ப்பலகை வைப்பது. பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்து. தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், குடும்பம். கடைசி வரியில் "இனங்கண்டவர்" என்று போட்டு ஒரு ஆளின் பெயர். அந்தக் கடைசி வரி துறைத்தலைவரின் யோசனை. உலர்தாவரத் தொகுப்புகளில் அப்படிப் போடுவது வழக்கம். ஒரு செடிக்குப் பெயர் சொன்னவர் தன் பெயரையும் அதன் கீழே போட்டு, "இதற்கு நான் பொறுப்பு" என்று ஒப்புக்கொள்கிற முறை அது. மிக நல்ல முறை. என் தொல்லை எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

ஒருநாள் காலையில் சாரலில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். வாசல் மரத்தில் புதுப் பலகை. கடைசி வரியில் என் பெயர். முழுப் பெயர், பட்டத்தோடு. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை வருடத்தில் அந்தக் கல்லூரிக்குள் என் பெயரை யாரும் எழுதி நான் பார்த்ததே இல்லை. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு போனில் படம் எடுத்து, துபாயில் இருக்கிற என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் மேல் வரியைப் படித்தேன்.

யூகலிப்டஸ் குளோபுலஸ்.

சந்தோஷம் அந்த இடத்திலேயே புளித்துப் போனது. நான் எப்போது அப்படிச் சொன்னேன்? என்னை யாரும் கேட்கவே இல்லை. துறைத்தலைவர் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கீழப்பாவூர்க்காரர் ஒருவர், கல்யாண வீட்டு வளைவிலிருந்து கடை போர்டு வரை எல்லாம் எழுதுகிறவர், அதை ஒரு எழுத்துப் பிசகாமல் பலகையில் ஏற்றியிருக்கிறார்.

துறைத்தலைவர் கெட்ட மனுஷர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். பாசிகளில் ஆராய்ச்சி செய்தவர். குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். மரம் அவருக்குப் பழக்கமில்லை. நம் பக்கத்தில் எல்லோரும் செய்கிற தவறைத்தான் அவரும் செய்திருந்தார். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியெல்லாம் கடை கடையாக நீலகிரித் தைலம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தத் தைலம் குளோபுலஸிலிருந்து எடுப்பது என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. வாசல் மரத்திலும் அதே வாசனை. ஆகவே இது குளோபுலஸ். கணக்கு முடிந்தது. ஆனால் குளோபுலஸ் குளிர் மலையில் வளர்கிற மரம். ஊட்டியில் தழைக்கும், எங்கள் ஊர் வெயிலில் அதைக் கொண்டுவந்து நட்டால் வதங்கிப்போகும். சமவெளியில் நட்டதெல்லாம் அதன் ஒன்றுவிட்ட சொந்தங்கள். வாசனையை வைத்து ஆளைச் சொல்வதானால் மீன் கடைக்குப் போய்வந்த எல்லோரும் மீனாகிவிடுவோம்.

வெறும் வாயால் சொன்னால் எடுபடாது என்று தெரியும். ஆதாரம் வேண்டும். அந்த வாரமே சாரல் காற்று பலமாக வீசி, உயரத்திலிருந்து ஒரு கிளையை முறித்துப் போட்டது. மொட்டு, பூ, முற்றிய காய் எல்லாம் அதில் இருந்தன. புதையல் கிடைத்த மாதிரி அதைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சீசனில் எங்கள் ஊரில் கைக்குட்டையே காயாது, கிளை எப்படிக் காயும்? செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் பூஞ்சை பிடித்துவிடும். நான் ஒரு வழி வைத்திருந்தேன். கிளையைத் தாளுக்குள் பரத்தி, மேலே வீட்டுக்காரரின் பழைய கைலி ஒன்றை விரித்து, இஸ்திரிப் பெட்டியால் மெல்லத் தேய்ப்பேன். பாதிக் கிளையை அப்படித் தேய்த்து முடித்தேன். காய்கள் இருந்த மீதிப் பாதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுக்களை மேடையில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன்.

சாயங்காலம் வந்தபோது வீடே மணத்தது. என் மாமியார் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அகலப் பானைக்கு முன்னால் குனிந்து ஆவி பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, மேடையில இருந்த கொப்பு எங்க?"

துண்டை விலக்கிச் சிவந்த முகத்தோடு நிமிர்ந்தார். "ஏட்டி, சளிக்குத்தான் கொண்டாந்தியோன்னு நெனச்சேன். நல்ல மணம். ரெண்டு நாளா அடச்சிக் கெடந்த மூக்கு விட்டுட்டு. நீயும் கொஞ்சம் பிடி."

விஞ்ஞானத்தின் பாதி பானைக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் காய்களை அள்ளி எடுத்துப் பார்த்தேன். உள்ளே விதை கூழாகியிருந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நானும் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது மொட்டுகள். குளோபுலஸை ஒதுக்க அதுவே போதும். யூகலிப்டஸ் மொட்டுக்குத் தலையில் ஒரு மூடி உண்டு. அந்த மூடி கழன்று விழுந்தால்தான் பூ விரியும். அந்தப் பெயருக்கே நன்றாக மூடப்பட்டது என்றுதான் பொருள். மூடி எப்படி இருக்கிறது, மொட்டு தனியாக இருக்கிறதா கொத்தாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் இவற்றைப் பிரிப்பார்கள். குளோபுலஸின் மொட்டு பெரிது. இலை இடுக்கில் பெரும்பாலும் தனியாக, காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, சொரசொரப்பாக, வெள்ளைப் பொடி பூசியது போல இருக்கும். எங்கள் மரத்தில் கொத்துக் கொத்தாகச் சின்ன மொட்டுகள், ஒவ்வொன்றுக்கும் காம்பு. நுண்ணோக்கி வேண்டாம், கண் இருந்தால் போதும்.

அப்படியானால் இது என்ன? அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். சமவெளியில் நட்டவற்றில் ஒரு இனத்துக்கு மூடி கொம்பு போல நீளமாக இருக்கும். இன்னொன்றுக்குக் குட்டையாக, நுனியில் சின்ன மூக்கு வைத்திருக்கும். என் கையில் இருந்த மொட்டுகள் இரண்டுக்கும் நடுவில் இருந்தன. முதலாவதன் விதை கறுப்பு, இரண்டாவதன் விதை மஞ்சள் என்பார்கள். விதை பானைக்குள் போயிற்று. மரத்தடியில் பொறுக்கிய காய்கள் எல்லாம் விதை கொட்டிய வெறும் ஓடுகள். இரண்டும் கலந்து நட்ட கலப்பினமாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. குளோபுலஸ் இல்லை என்பது மட்டும் தெரியும். அது முழுசாகத் தெரியும்.

தேய்த்த மொட்டுகளை எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் அறைக்குப் போனேன். பொறுமையாகத்தான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி பார்த்தார்.

"சரி மேடம். குளோபுலஸ் இல்ல. அப்ப என்ன பேரு?"

"இனம் உறுதியா தெரியல சார். யூகலிப்டஸ்னு மட்டும் எழுதி, பக்கத்துல எஸ்பின்னு போட்ருவோம். சரியான முறை அதான."

"எஸ்பின்னா என்ன அர்த்தம்? பேரு தெரியலன்னு அர்த்தம். கல்லூரி வாசல்ல, குழு வந்து இறங்குத எடத்துல, எங்களுக்குத் தெரியலன்னு போர்டு வைக்கச் சொல்லுதீங்களா?"

"தெரியாதத தெரியும்னு வைக்கதுக்கு அது தேவல சார்."

அவர் சிரித்தார். "இந்தப் பேரெல்லாம் அவனுவளே மாத்திக்கிட்டுத்தான இருக்கானுவ? எலுமிச்ச வாசம் அடிக்குமே ஒரு தைல மரம், நாம படிக்கைல அது யூகலிப்டஸ். இப்ப அது யூகலிப்டஸே இல்ல, கொரிம்பியாங்கான். நாளைக்கு இதையும் மாத்துவான். அதுக்குள்ள நமக்கு எதுக்கு வீம்பு?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "மாத்துனவன் பூவப் பாத்து, காயப் பாத்து மாத்துனான் சார். நாம பாட்டிலப் பாத்துல்லா எழுதியிருக்கோம்."

அவர் மொட்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டு மெதுவாகச் சொன்னார். "உங்களுக்கு ஒரு மரியாதையா இருக்கட்டும்னுதான் உங்க பேரப் போட்டேன். வாற வருசத்துக்கு உங்களக் கூப்பிடணும்னு நான் சொன்னா, பிரின்ஸிபாலுக்கும் ஞாபகம் இருக்கும் பாருங்க."

மிரட்டல் இல்லை அது. அக்கறையாகவே சொன்னார். மிரட்டியிருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

"ரெண்டுல ஒண்ணு செய்ங்க சார். மேல இருக்க பேர அழிங்க. இல்லன்னா கீழ இருக்க என் பேர அழிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். நான் அனுப்பிய படத்தை அறையில் இருக்கிற எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"எவளும் தன் வேலைக்குத் தானே உலை வைப்பாளா? என் விசாவுல என்ன போட்டிருக்கு? கொத்தனாருன்னு போட்டிருக்கு. நான் கரண்டியத் தொட்டிருக்கனா? கடையில கணக்குதான் எழுதுதேன். இத்தன வருசமா ஓடலயா? ஒரு மரத்துக்கு என்ன பேரு இருந்தா ஒனக்கென்ன?"

"மச்சான், ஒவ்வொரு தடவ ஏர்போர்ட்டுல நிக்கையிலயும் கேட்டுருவானோ கேட்டுருவானோன்னு இருக்கும்னு நீங்கதான சொன்னீய? அந்தப் பேரு ஒங்களுக்குப் பிடிச்சா இருக்கு?"

அவர் குரல் இறங்கியது.

"சரி, நீ என்னமும் செய்யி. ஆனா கத்தாத. மெதுவாச் சொல்லு."

குழு வந்த அன்று பலகை அப்படியே இருந்தது. மேல் வரியும் அழியவில்லை, கீழ் வரியும் அழியவில்லை. என்னை அந்த மரத்தடியிலேயே நிறுத்தினார்கள். துறையில் பயமில்லாமல் பேசுகிற ஆள் நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். பயமில்லாமல் என்ன பேசுவேன் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

சாரலில் குடைகள் வரிசையாக வந்தன. குழுவில் மூத்தவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது நீங்கதானாம்மா?"

"பேரு என்னுது சார். ஆனா மேல இருக்கத நான் சொல்லல. இது குளோபுலஸ் இல்ல." மெதுவாகத்தான் சொன்னேன்; கத்தவில்லை.

துறைத்தலைவரின் குடை லேசாக ஆடியது. முதல்வர் இருமினார்.

"அப்படியா? அப்போ இது என்ன மரம்?"

"இன்னும் உறுதியா தெரியல சார். விதை கெடச்சதும் பாக்கணும்."

நான் மொட்டுகளை நீட்டினேன். பெரியவர் வாங்கவில்லை. "நல்லது, நல்லது" என்றார். அவர் வணிகவியல்காரர் என்று பிறகு தெரிந்தது. "மேடம் ரொம்ப சின்சியர்" என்று முதல்வர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். குடைகள் கேண்டீன் பக்கம் நகர்ந்தன. மத்தியானத்துக்கு மேல் அருவிக்குப் போக வண்டி சொல்லியிருந்தது. யாரும் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. கதையில் வருவது மாதிரி ஒருவர் திரும்பி வந்து, "நீங்கள் சொன்னதுதான் சரி" என்று என் கையைப் பிடிக்கவும் இல்லை. மரத்தடியில் நானும் ஈர மொட்டுகளும்தான் மிச்சம்.

அந்த வருடம் முழுக்க யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கோடை விடுமுறையில்தான் துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். அறைக் கதவைச் சாத்தினார்.

"மேடம், பிரின்ஸிபால் இன்னும் மனசுல வச்சிருக்காரு. நான் ஒரு வழி சொல்லுதேன். பெயிண்டர் தப்பா எழுதிட்டாரு, நீங்க அன்னைக்குப் பதட்டத்துல பேசிட்டீங்கன்னு அவர்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன். ஜூன்ல வந்து சேந்துருங்க."

"பெயிண்டர் நீங்க எழுதிக் குடுத்ததத்தான சார் எழுதுனாரு?"

"அவருக்கென்ன மேடம் இதுல? அவரு வேலையா போயிரும்?"

"போகும் சார். காலேஜ் போர்டையே தப்பா எழுதுனவருன்னு ஒரு பேச்சு கெளம்பிட்டா, பெறவு எவன் அவர நம்பி போர்டு குடுப்பான்?"

அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவர் ஒரு வார்த்தை, "நான் எழுதினது தப்பு" என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பாசியில் அத்தனை நுணுக்கம் பார்க்கிற மனுஷருக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நானும் அவர் கேட்ட ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. இருவரும் பிடிவாதக்காரர்கள்தான். ஆனால் என் பிடிவாதத்துக்கு மொட்டு சாட்சி.

ஜூன் வந்தது. என்னைக் கூப்பிடவில்லை. வேலைப் பளு குறைந்துவிட்டதாம். இப்போது தென்காசியில் ஒரு தனிப்பயிற்சி மையத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். வேலை போனது வலித்தது, இன்னும் வலிக்கிறது. கல்லூரியில் எனக்கென்று ஒரு நுண்ணோக்கி இருந்தது, ஜன்னலோரம் ஒரு மேசை இருந்தது. அதையெல்லாம் நினைத்தால் எரிச்சல் வருகிறது. யாரும் எனக்காக இரக்கப்பட வேண்டாம், எரிச்சல்தான் எனக்குத் தெம்பு.

போன சீசனில் மாமியாரைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனேன். திரும்பும்போது இலஞ்சி விலக்கைத் தாண்டியதும் பஸ் கல்லூரி வாசலில் நின்றது. பலகை அங்கேயே இருக்கிறது. கடைசி வரியின் மேல் பச்சைப் பெயிண்டை இழுத்துவிட்டிருக்கிறார்கள். என் பெயர் இல்லை. மேலே யூகலிப்டஸ் குளோபுலஸ் பளிச்சென்று இருக்கிறது.

ரெண்டில் ஒன்றை அழியுங்கள் என்று நான்தான் சொன்னேன். அழித்துவிட்டார்கள். அவர்கள் என்னைத் தண்டித்ததாக நினைத்திருக்கலாம். நான் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு முன் இருக்கையில் வெளியூர்க்காரப் பெண் ஒருத்தி, தலை ஈரம் காயாமல், ஜன்னல் வழியாக அந்தப் பலகையைத் தன் கணவனுக்கு எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள். "ஓ, நீலகிரித் தைலம் எடுக்கிற மரம் இதுதானா?"

நான் அவள் தோளைத் தொட்டேன். "இல்லம்மா. போர்டு தப்பு."

"அப்போ இது என்ன மரம்?"

"தெரியாது" என்றேன், பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஆனா அது இல்ல."